கடைக்காலுக்கு முன்னால்: பெரம்பலூர், அரியலூரில் வீடு கட்டும் அனுமதி

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூமி பூஜை என்று நாள் குறித்தாகிவிடும். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. செங்கல் வந்து இறங்கியாயிற்று. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் மகன் முதல் தவணைப் பணத்தையும் அனுப்பிவிட்டான். ஆடி கடைசி வாரத்தில்தான் யாராவது கேட்பார்கள்: "பிளான் அப்ரூவல் வாங்கிட்டீங்களா?" பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டு அனுமதி என்பது பெரும்பாலும் இப்படிக் கடைசியில் நினைவுக்கு வருகிற காகிதம். வங்கியில் கடன் கேட்கும்போதோ, பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதும்போதோதான் அதன் எடை தெரிகிறது.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. பெரம்பலூரில் ஒரு நகராட்சி. குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு என நான்கு பேரூராட்சிகள். அரியலூரில் அரியலூர், ஜெயங்கொண்டம் என இரண்டு நகராட்சிகள். உடையார்பாளையம், வரதராஜன்பேட்டை என இரண்டு பேரூராட்சிகள். மற்றதெல்லாம் கிராம ஊராட்சிகள்: பெரம்பலூரில் 121, அரியலூரில் 201. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 100-க்கு 82 பேருக்கு மேலும், அரியலூரில் ஏறத்தாழ 89 பேரும் கிராமவாசிகள். ஆகவே இங்கே கட்டட அனுமதியைப் பற்றிப் பேசுவது என்றால் ஊராட்சி அலுவலகத்தைப் பற்றிப் பேசுவதுதான். சென்னையை மனத்தில் வைத்து எழுதப்படும் விளக்கங்கள் இந்த ஊர்களுக்குப் பாதிதான் பொருந்துகின்றன.

விதிகளின் வரலாறு நீளமானது. நகரங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்தது. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் ஆண்டது. கிராமங்களுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும், அதன் கீழ் 1997-ல் வந்த கட்டட விதிகளும். இப்படிப் பிரிந்து கிடந்த விதிகளை எல்லாம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரே புத்தகமாக்கின. சென்னை மயிலாப்பூருக்கும் செந்துறை ஒன்றியத்துக் கிராமத்துக்கும் அன்றிலிருந்து ஒரே விதிநூல். மனைப்பரப்பைப் போல இரு மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம் என்பது அதில் பலரும் அறிந்த மாற்றம். முன்பு அது ஒன்றரை மடங்கு.

விண்ணப்பிப்பவரைக் குழப்பும் ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. இந்த இடத்தில் இந்த வகைக் கட்டடம் வரலாமா என்பதற்கான ஒப்புதல் திட்ட அனுமதி; அதன் பிடி நகர் ஊரமைப்புத் துறையிடம். கட்டத் தொடங்கலாம் என்று உள்ளாட்சி தருவது கட்டட அனுமதி. சிறு வீடுகளைப் பொறுத்தவரை ஊரமைப்புத் துறையின் அதிகாரமும் உள்ளாட்சிக்கே பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடுகின்றன. நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர், கிராமத்தில் ஊராட்சித் தலைவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் இவ்விரு மாவட்டங்களிலும் தலைவரின் அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய மனிதர் இருந்த இடத்தில் ஒன்றிய அலுவலகத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய அதிகாரி. அனுமதி கேட்டுப் போகும் ஏழைக்கு இந்த வேறுபாடு பெரிது.

2024 ஜூலை 22-ல் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு என்றால், உரிமையாளரே விதிப்படிதான் கட்டுகிறேன் என்று சான்று தந்து, ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, கட்டணம் கட்டி, அப்போதே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது. கட்டி முடித்தபின் பணிமுடிப்புச் சான்றும் தேவையில்லை. இரு மாவட்டங்களிலும் எழும் தனி வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கும்.

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கோப்பு மேசையிலேயே கிடப்பதும், அதை நகர்த்த ஒருவரைப் பிடிப்பதும், அவருக்கு ஒரு தொகை கொடுப்பதும் தமிழ்நாட்டுக் கிராமவாசிக்குப் புதிதல்ல. அந்த இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது நல்லது. கேரளமும் இந்த வழியில்தான் போனது. 2023 ஏப்ரலிலிருந்து 300 சதுர மீட்டர் வரையிலான ஆபத்துக் குறைந்த கட்டடங்களுக்கு அங்கே சுயசான்று அனுமதி வந்தது. ஆனால் கூடவே கட்டணத்தையும் பல மடங்கு ஏற்றினார்கள். எதிர்ப்பு வலுத்து, 2024 ஆகஸ்டில் 60 விழுக்காடு வரை குறைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வகுத்த ஒருங்கிணைந்த கட்டணம் கைக்கு மீறியது என்ற குறை முதல் நாளிலிருந்தே எழுந்தது. வேகம் தருகிறோம் என்பது அதிகம் வாங்குவதற்குக் காரணமாகக் கூடாது.

ஆனால் கட்டணம் இரண்டாம் கவலைதான். இணையதளம் முதலில் கேட்பது வீட்டின் படத்தை அல்ல, நிலத்தின் பத்திரத்தை. பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் அனுமதி சிக்குவது அங்கேதான். இதை எழுதத் தூண்டியதும் அதுவே.

கிராமத்தின் பழைய தெருக்கள் பெரும்பாலும் நத்தத்தில் இருக்கின்றன. நத்தம் என்பது ஊர் குடியிருக்க ஒதுக்கிய நிலம்; அது அரசுப் புறம்போக்கு அல்ல, குடியிருப்பவருடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நத்தத்து வீட்டுக்காரரிடம் மூலப்பத்திரம் இருப்பது அபூர்வம். தாத்தா கட்டினார், அப்பா ஓடு மாற்றினார், மகன் குடியிருக்கிறார். நத்தம் நிலவரித் திட்ட அளவையின்போது தரப்பட்ட பட்டாவில் இருப்பது தாத்தா பெயர், அல்லது பெரியப்பா பெயர், அல்லது நான்கு பங்காளிகளின் பெயர்களைக் கோத்த கூட்டுப் பட்டா. கையில் இருப்பது வீட்டு வரி ரசீது ஒன்றுதான். வரி கட்டுவதே உரிமைக்குச் சான்று என்று ஊரில் நம்புகிறார்கள். அது அனுபவத்துக்கான சான்று. உரிமைக்கான சான்று ஆகாது. தனிப்பட்டா வேண்டுமென்றால் வாரிசுச் சான்று, பங்காளிகளின் ஒப்புதல், உட்பிரிவு அளவை, சர்வேயர் வரும் நாள் என்று வரிசை நீளும். சென்னையில் குடியேறிவிட்ட சித்தப்பா மகனின் கையெழுத்து வராமல் பூமி பூஜை தள்ளிப்போன வீடுகளை நம் எல்லா ஊர்களிலும் காணலாம். உடனடி அனுமதி என்ற சொல் இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பட்டா சரியானாலும் நத்தத்தின் உருவம் விதிகளுக்கு ஒத்துவராது. பங்கு பிரிக்கும்போது தெருவைப் பார்த்து நீளவாக்கில் கீறிப் பிரிப்பதுதான் நம் வழக்கம். எல்லோருக்கும் தெருவாசல் வேண்டுமே. இரண்டு தலைமுறையில் மனை பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒடுங்கி, ஆழம் மட்டும் நூறடிக்குப் போய்விடுகிறது. அண்ணன் வீட்டுச் சுவரும் தம்பி வீட்டுச் சுவரும் ஒன்றே. பொதுச்சுவர், பொதுச் சந்து, ஒருவர் கூரைத் தண்ணீர் இன்னொருவர் மண்ணில் விழும் பாத்தியதை. விதிநூலோ முன்னால் இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு இடம் விடு என்கிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தீயணைப்புக்கும் அது அவசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பன்னிரண்டடி மனையில் பக்கவாட்டு இடம் விட்டால் மிஞ்சுவது நடைபாதைதான். சுவரோடு சுவர் சேர்ந்த தொடர் குடியிருப்புப் பகுதிக்கு விதிகளில் தளர்வு உண்டு. நத்தத் தெருக்களை எல்லாம் அந்த வகையில் முறையாக அறிவித்துவிட்டால் பொய் வரைபடங்களுக்கு வேலை இருக்காது. இன்று நடப்பது என்ன? ஏற்றும் படத்தில் சந்து இருக்கும், தரையில் சுவர் இருக்கும். சுயசான்றில் அந்தப் பொய்க்குப் பொறுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்ட உரிமையாளருடையது. சான்று தவறென்று தெரியவந்தால் அனுமதி ரத்தாகும். வரைந்து கொடுத்தவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

நத்தத்துக்கு வெளியே கதை வேறு. திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுச் செல்வதால் சாலையின் இரு பக்கமும் மனைகள் முளைத்தன. நாரணமங்கலத்து டயர் தொழிற்சாலையும், எறையூர், ஜெயங்கொண்டம் சிப்காட்டுகளுக்கு வரும் காலணித் தொழிற்சாலைகளும் மனை விலையை ஏற்றுகின்றன. சோளமும் பருத்தியும் விளைந்த நிலம் கல் நட்டு மனையாகும்போது வாங்குபவர் கேட்கும் வாக்குறுதி ஒன்று உண்டு: "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க." எத்தனையோ பேரின் சேமிப்பைச் சாப்பிட்ட சொற்கள் அவை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்குத் தனி அதிகாரம் இல்லை; நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவு அங்கீகாரமற்றதுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது, கல் நட்ட மனைகள் விற்க முடியாமல் நின்றுபோயின. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி திறந்தது. தவறவிட்டவர்களின் மனையில் இன்றும் அனுமதி கிடைக்காது. விவசாய நிலத்தில் நேராக வீடு கட்ட நினைப்பவருக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றம் என்ற முன்படி இருக்கிறது. ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கென்றால் படியே கிடையாது. அங்கே எழுந்த வீட்டை எந்தக் கட்டணமும் காப்பாற்றாது.

இந்த மண்ணுக்கே உரிய வேறு தடைகளும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்டலாம். பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் இதே சட்டம்தான். தடை வளையத்துக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். புதிதாக எழுப்ப முடியாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ராஜேந்திரனின் தலைநகரம் மண்ணுக்கடியில் கிடக்கிறது என்பதற்கு மாளிகைமேட்டு அகழாய்வே சாட்சி, காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காவலின் செலவை ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவர் மட்டும் சுமப்பது நியாயமில்லை. பழுதுபார்க்கும் விண்ணப்பத்தை உள்ளூரிலேயே நிரப்பித் தந்து தொடர்ந்து கேட்டுப் பெற்றுத் தர ஒரு முகாம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஜெயங்கொண்டத்தில் இன்னொரு காயம். பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்கென்று 1990-களின் பிற்பகுதியில் சுற்றுக் கிராமங்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் வரவேயில்லை. நிலம் தங்களுடையதா அரசுடையதா என்று தெரியாத நிலையில் ஒரு தலைமுறை கழிந்தது. நிலத்தைத் திருப்பித் தருவது என்று பின்னர் மாநில அரசு முடிவெடுத்தது. பட்டாவில் பெயர் மாறுவதற்கும் வீட்டுக்கும் உள்ள உறவை அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி மண். விதிநூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். குன்னம், ஆலத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த அசைவில் மூலைகளில் விரிசல் விடாத பழைய வீடு குறைவு. காரைப் பக்கத்துக் களிமண்ணிலோ ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதிலுள்ள சல்பேட் சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை நாளடைவில் அரிக்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுச் செம்மண் இவற்றுக்கு முற்றிலும் வேறு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி இது. சாத்தனூரில் கல்லாய்ப் போன மரமும், சிமென்ட் ஆலைகளுக்குத் தீனியாகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றவை. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் கடைக்கால் மாற வேண்டும். ஆனால் சிறு வீட்டு அனுமதியில் சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டாய் என்ற கேள்வி இருக்கிறது. எந்த மண்ணில் நிற்கிறாய் என்ற கேள்வி இல்லை. மண் பரிசோதனை அறிக்கை யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் எங்கே கட்டலாம் என்பதும் எப்படிக் கட்டுகிறாய் என்பதும் தனித்தனி அனுமதிகள். கடைக்கால் குழியில் கான்கிரீட் கொட்டுமுன் அங்கே கட்டட ஆய்வாளர் வந்து குழியைப் பார்க்கிறார். நம்மிடம் அந்த இரண்டாவது கண் சிறு வீட்டுக்கு இல்லை. கரிசலுக்கு ஏற்ற கடைக்கால் தெரியாததும் அல்ல. அடியில் குமிழ்போல் விரிந்த துளைத்தூண்களை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மண் அசையும் ஆழத்தைத் தாண்டிக் கீழே ஊன்றி நிற்கும் அந்தத் தூண்கள் வீட்டைத் தாங்கும். அவற்றுக்கு வசதியில்லாதவர், தோண்டிய கரிசலை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ நிரப்புவது, பேஸ்மட்டத்தில் கம்பி கட்டிய பெல்ட் போடுவது, சுவரோரம் மழைநீர் தேங்காமல் தளம் போடுவது என்ற அளவிலாவது செய்யலாம். அனுபவமுள்ள கொத்தனார்களுக்கு இது தெரியும். அனுமதியோடு ஒரு பக்கத் தாளில் இதை அச்சிட்டுக் கொடுக்க உள்ளாட்சிக்கு எத்தனை ரூபாய் ஆகும்?

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களின் குழப்பம் வேறு வகை. வெள்ளையடிக்க, பூச்சு வேலை செய்ய, தரைக்கு டைல்ஸ் போட, கதவு ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டாம். அறை சேர்ப்பது, மாடி எடுப்பது, ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுவது, முன்னறையைக் கடையாக்குவது ஆகியவற்றுக்கு வேண்டும். மண்சாந்தில் கட்டிய சுவரின்மேல் கான்கிரீட் தளம் ஏற்றுவதுதான் இந்தப் பகுதியில் நான் மிக அஞ்சும் வேலை. சுவர் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க ஆகும் செலவு, தளத்துக்கு வாங்கும் கம்பியில் ஒரு சிறு பங்குதான்.

குடிசை வீட்டுக்காரர்களின் நிலை தனி. 2024-25-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. இங்கே வரைபடம் அரசே தருகிறது, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்கிறார், கட்டக் கட்டத் தவணை வருகிறது. அனுமதி ஒரு தடையே அல்ல. ஆனாலும் வாசலில் நிற்கும் கேள்வி பட்டாதான். குடிசை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாத குடும்பம் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பணக்காரர் வீடானாலும் ஏழை வீடானாலும் ஒரே கதவு.

விதியை மீறிவிட்டவருக்கும் சட்டம் ஒரு வார்த்தை வைத்திருக்கிறது. எந்தக் கட்டடத்தையும் இடிக்குமுன் பதினைந்து நாள் அவகாசத்தோடு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ல் சொன்னது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அடுத்த மாதமே, பணிமுடிப்புச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தரவேண்டும் என்று இன்னொரு தீர்ப்பில் உத்தரவிட்டது. சிறு வீடுகளுக்கு அந்தச் சான்றே வேண்டாம் என்கிறது தமிழ்நாடு. இப்போதைக்கு அது ஏழைக்கு நிம்மதி. ஆனால் கட்டும் முன்பும் யாரும் வந்து பார்ப்பதில்லை, கட்டி முடித்த பின்பும் பார்ப்பதில்லை என்றால், வீடு பாதுகாப்பானது என்று சொல்ல உரிமையாளரைத் தவிர வேறு ஆளே இல்லை.

உள்ளாட்சிகள் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஊராட்சிதோறும் ஆண்டுக்கு ஒருமுறை நத்தம் பட்டா முகாம். சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரே நாளில் ஒரே திண்ணையில். பன்னிரண்டடி மனைக்கும் பதினைந்தடி மனைக்கும் விதிக்குப் பொருந்தும் இலவச வரைபடங்கள் நான்கைந்து. கரிசல் ஊர்களுக்குக் கடைக்கால் ஆலோசனை. அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் சர்வே எண்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில். இவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

வீடு கட்டுவது அடுத்த ஆண்டுதான், ஏன், மகள் படித்து முடித்த பிறகுதான் என்றிருந்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே இ-சேவை மையத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பாருங்கள். தாத்தா பெயரில் இருந்தால், பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும் அடுத்த திருவிழாவிலேயே உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேஸ்திரிக்கு முன்பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.